இடுப்பு ஓர் உருளை அல்ல

"அக்கா, உங்க பாடிக்கு அகல பெல்ட் செட் ஆகாதுக்கா. மெல்லிசா, கருப்புல ஒண்ணு எடுத்துக்கோங்க. இடுப்பு சின்னதா தெரியும்."

துணிக்கடையில் அந்தப் பெண் இதைச் சொன்னபோது குரலில் கேலி எதுவும் இல்லை. அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததை எனக்குச் சொன்னாள். நான் போட்டுப் பார்த்த மூன்று அங்குல பெல்ட், கண்ணாடி முன்னால் நாலு எட்டு நடப்பதற்குள் மேலேறி, விலாவுக்குக் கீழே சுருட்டிக்கொண்டு நின்றுவிட்டது. தப்பு பெல்ட்டுடையது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. மெல்லிசு கருப்பை வாங்கிக்கொண்டு வந்தேன்.

பஸ்ஸில்தான் முதலாமாண்டு எஞ்சினியரிங் கிராஃபிக்ஸ் ஞாபகம் வந்தது. டிராஃப்டரை வில்லு மாதிரி தோளில் மாட்டிக்கொண்டு காலேஜுக்குப் போன தலைமுறைக்கு 'டெவலப்மென்ட் ஆஃப் சர்ஃபேசஸ்' மறக்காது. உருளையை விரித்தால் செவ்வகம் வரும். கூம்பை விரித்தால் விசிறி மாதிரி, வட்டத்தில் வெட்டிய ஒரு துண்டு வரும்.

கடையில் விற்கிற பெல்ட் செவ்வகம். அதாவது உருளைக்குச் செய்தது. என் உடம்பு அந்த இடத்தில் கூம்பு. பெல்ட்டின் மேல் விளிம்பு உட்கார வேண்டிய இடத்தில் சுற்றளவு 32 அங்குலம், மூன்று அங்குலம் கீழே 35. நேராக வெட்டிய ஒரு பட்டை ஒரே சமயத்தில் இந்த இரண்டு அளவாகவும் இருக்க முடியாது. 35-க்கு மாட்டினால் மேலே வாயைப் பிளக்கும். 32-க்கு இறுக்கினால் குறுகலான இடத்தைத் தேடி மேலே ஏறும். இதில் உடம்பு செய்த குற்றம் என்ன?

சரியாக உட்கார வேண்டுமென்றால் உள்விளிம்பு 32 அங்குல ஆரத்திலும் வெளிவிளிம்பு 35 அங்குல ஆரத்திலும் வளைந்த, ஏறக்குறைய 57 டிகிரி துண்டாகப் பெல்ட்டை வெட்ட வேண்டும். பக்கிளுக்குக் கொஞ்சம் கூட விட்டுக்கொள்ளலாம். கான்டூர் பெல்ட் என்ற பெயரில் இது இருக்கத்தான் செய்கிறது, ஆனால் தேடினால்தான் கிடைக்கும். நேர்ப்பட்டைகளை ஒரே தோலில் இடைவெளி இல்லாமல் அடுக்கி வெட்டலாம். வளைவாக வெட்டினால் தோல் வீணாகும். அந்த மிச்சத்துக்காகத்தான் என் இடுப்பு திட்டு வாங்குகிறது.

மென்பொருளில் இப்படி நடந்தால் 'யூசருக்குப் பயன்படுத்தத் தெரியவில்லை' என்று டிக்கெட்டை மூடுவோம். நானும் மூடியிருக்கிறேன். அதனாலேயே இந்தத் தந்திரம் எனக்கு நன்றாகத் தெரியும்.

வளைவான உடம்புக்குப் பெல்ட் கட்டச் சொல்லித்தரும் கட்டுரைகள், ரீல்ஸ் எல்லாம் ஓதுகிற மந்திரம் ஒன்றுதான்: உடம்பின் மிகக் குறுகலான இடத்தில் கட்டு, மற்றதை மறை. ஏதோ இயற்கை விதி மாதிரி சொல்கிறார்கள். 1920-களின் மேற்கத்திய ஃபேஷனில் பெல்ட் இடுப்பெலும்புக்கு இறங்கியிருந்தது. இடை இருப்பதே தெரியக்கூடாது என்பது அன்றைய விதி. 1947 பிப்ரவரியில் பாரிஸில் கிறிஸ்டியன் டியோர் தன் முதல் தொகுப்பைக் காட்டினார். 'நியூ லுக்' என்று பெயர் வாங்கிய அதில் இடை இறுகி, பாவாடை விரிந்தது. இந்த மந்திரத்தில் அந்தக் காலத்து வாசனைதான் அடிக்கிறது. அவ்வளவு தூரம் போவானேன், எழும்பூர் அருங்காட்சியகத்தில் சோழர் காலப் பார்வதியைப் பாருங்கள். மேகலை தொப்புளுக்கு நன்றாகக் கீழே, இடுப்பு அகலும் இடத்தில் கிடக்கிறது. அந்தச் சிற்பிக்குப் போய் யாராவது 'செட் ஆகாதுண்ணா' என்று சொல்ல வேண்டும்.

அழகாகத் தெரிய ஆசைப்படுவது தப்பா என்று கேட்பார்கள். எனக்கும் அந்த ஆசை நிறைய உண்டு. அதனால்தான் இந்தக் கோபம், ஏனென்றால் இந்த அறிவுரையால் ஆடைகூட அழகாக உட்காருவதில்லை. பின்புறத்துக்குப் பொருந்துகிற பேன்ட் வாங்கினால் இடையில் மூன்று அங்குலம் இடைவெளி விழுகிறது. பெல்ட் போட்டு இறுக்கு என்கிறார்கள். இறுக்கினால் பின்னால் துணி பொட்டலம் கட்டின மாதிரி சுருங்கி நிற்கும். தெருமுனை டெய்லரிடம் கொடுத்தால் பின்பக்கம் இரண்டு டாட் பிடித்து அரை மணியில் சரிசெய்துவிடுவார். தட்டையான துணியை வளைந்த உடம்புக்கு இணங்க வைப்பதுதான் அவருக்குப் பிளவுஸ் பிளவுஸாகப் பழக்கம். 'உங்களுக்குச் செட் ஆகாது' என்று ஒருநாளும் சொன்னதில்லை, 'நாளைக்கு வாங்க' என்றுதான் சொல்லியிருக்கிறார். குர்தாவின் மேல் கட்ட மெத்தென்ற துணிப்பட்டையோ, பின்பாதியில் எலாஸ்டிக் வைத்த பெல்ட்டோ போதும். இரண்டும் உடம்போடு வளையும். விறைப்பான அகலத் தோல் வேண்டுமென்றால் வளைத்து வெட்டியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆபீஸில் தொப்பைக்குக் கீழே பெல்ட்டைத் தொட்டில் மாதிரி மாட்டிக்கொண்டு வரும் சார்களை தினமும் பார்க்கிறேன். அவர்கள் எந்தக் கடையிலும் 'உங்க பாடிக்கு' என்று தொடங்கும் வாக்கியத்தைக் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்கவும் வேண்டாம். எனக்கு வேண்டியது அந்த அலட்சியத்தில் பாதி.

போன மாதம் இரண்டு செய்தித்தாளை ஒட்டி, நூலில் பென்சில் கட்டி வில் வரைந்து, பேட்டர்ன் வெட்டி, செருப்பு தைக்கும் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா, வாழைப்பழம் மாதிரி இருக்கு?"

"இடுப்பு அப்படித்தாண்ணா இருக்கு."

சிரித்தார். தோல் வீணாகும், இருநூறு ரூபாய் கூட ஆகும் என்றார். சரி என்றேன். எந்த கலர் என்று கேட்டதற்குச் சிவப்பு என்றேன்.