கட்டம் வரைந்த கைகள்

"எண்ணாதே, எண்ணினால் வளரும்!" என்று சாதிக் கணக்கெடுப்பு கூடாதென்போர் நமக்கு அறிவுரை கூறுகின்றனர். சாதிவாரியாக மக்களை முழுமையாக எண்ணி வெளியிடுவது 1931ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. எண்ணாதிருந்த அத்தனை ஆண்டுகளில் சாதி தேய்ந்ததா? சேரி மறைந்ததா? சுடுகாட்டுக்குச் செல்லும் பாதையாவது பொதுவாயிற்றா? இல்லை. ஆயினும், அடுத்த கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என 2025 ஏப்ரல் திங்களில் இந்திய அரசு அறிவித்ததும், அன்பர்கள் பழைய பல்லவியைப் பாடத் தொடங்கிவிட்டனர். பாட்டுக்குப் பக்கமேளமாக இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கின்றனர்: "அமெரிக்காவைப் பாருங்கள்! அங்கே திறமையைப் பார்க்கிறார்கள், பிறப்பைக் கேட்பதில்லை."

பார்ப்போம், தோழர்களே! அவர்கள் காட்டிய திசையிலேயே பார்ப்போம்.

கலிபோர்னியா மாநிலத்திலே லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி என்றொரு பகுதி உண்டு. நம் வழக்கிலே மாவட்டம் எனலாம். 88 நகரங்களைத் தன்னுள் அடக்கியது. 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி அங்கே வாழ்ந்தோர் 1 கோடியே 14 ஆயிரத்து 9 பேர். அந்நாட்டுக் கவுண்டிகளுள் மக்கள் தொகையில் அதுவே முதலாவது. மாநிலங்களிலேயே பெரும்பாலானவை அதனினும் சிறியவை. அம்மக்களில் நூற்றுக்கு 48 பேர் லத்தீனோக்கள், அதாவது மெக்சிகோ, எல் சால்வடார், குவாதமாலா முதலிய நாடுகளின் வழிவந்தோர். ஏறத்தாழ 26 பேர் வெள்ளையர், ஏறத்தாழ 15 பேர் ஆசியர், ஏறத்தாழ 8 பேர் கறுப்பின மக்கள். கிளெண்டேலிலே ஆர்மீனியர், மாண்டரே பார்க்கிலே சீனர், ஆர்ட்டீசியாவிலே இந்தியர்களின் கடைவீதி!

பிறப்பைக் கேட்காத நாடாம்! இந்த எண்கள் வானத்திலிருந்தா வந்தன? வீடுதோறும் கேட்டு எழுதிய எண்கள் இவை. அந்நாட்டின் முதற் கணக்கெடுப்பு நடந்த 1790 முதல், பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் கேட்டே வந்திருக்கிறார்கள்.

இந்த எண்களைக் கண்டதும் ஒருவர் 'பன்மலர்ப் பூங்கா' எனப் பரவசப்படுவார்; இன்னொருவர் 'வெள்ளையர் நாலில் ஒரு பங்காய்க் குறைந்தனரே' எனப் பதறுவார். இருவரும் கேட்க மறந்த கேள்வியொன்று உண்டு. இந்தக் கட்டங்களை வரைந்தவர் யார்?

1781ஆம் ஆண்டிலே, டோங்வா எனும் பூர்வகுடியினரின் யாங்கா என்ற ஊரருகே, ஸ்பெயின் மன்னன் பெயரால் 11 குடும்பங்கள், 44 பேர், குடியேற்றப்பட்டனர். லாஸ் ஏஞ்சலஸ் நகரின் தொடக்கம் அது. வந்தவரைப் பட்டியலிட்டபோது பெயரும் வயதும் எழுதினர். 'காஸ்தா' என்னவென்பதையும் எழுதினர். ஆம், காஸ்தா! போர்த்துகீசியர் நம் கரையிலே இறங்கி, இங்கிருந்த சாதியைக் கண்டு அதற்கு வைத்த பெயரும் அதுவே. ஆங்கிலேயன் 'காஸ்ட்' என்றது அதைத்தான். ஸ்பானியருக்கும் பூர்வகுடிக்கும் பிறந்தால் மெஸ்தீஸோ. ஸ்பானியருக்கும் ஆப்பிரிக்கருக்கும் பிறந்தால் முலாட்டோ. மெஸ்தீஸோவும் பூர்வகுடியும் கலந்தால் கொயோட்டே. நரிக்கு உறவான ஒரு காட்டு விலங்கின் பெயர் அது! அனுலோமம், பிரதிலோமம் எனக் கலப்புக்குக் கலப்பு பெயர் சூட்டி, இழிவையும் படிப்படியாகப் பங்கிட்ட மனுவின் ஏட்டைப் புரட்டியவர்க்கு இதிலே வியப்பு இராது. கடல் வேறு, கயமை ஒன்று.

அந்த 44 பேரில் வயது வந்தோர் 22. அவர்களுள் ஸ்பானியர் என எழுதப்பட்டோர் எத்தனை பேர்? இருவர்! மற்றையோர் பூர்வகுடியினர், ஆப்பிரிக்க வழியினர், கலந்து பிறந்தோர். இனி வேடிக்கையைக் கேளுங்கள். 9 ஆண்டுகள் கழித்து மீண்டும் கணக்கெடுத்தபோது, அதே மனிதருள் சிலர் ஏணியிலே ஒரு படி ஏறியிருந்தனர். முலாட்டோ மெஸ்தீஸோவானார், பூர்வகுடி கொயோட்டே ஆனார். குருதியா மாறிற்று? கொஞ்சம் நிலம், கொஞ்சம் மாடு, ஊரிலே கொஞ்சம் மதிப்பு வந்தது. எழுதுகோல் வளைந்து கொடுத்தது.

பின்னர் அமெரிக்க ஆட்சி வந்தது. எழுதுகோல் கைமாறிற்றே தவிர, வளைவு மாறவில்லை. வெள்ளையர் கணக்கிலே இருந்த மெக்சிகோ வழியினர் 1930இல் திடீரெனத் தனி இனமாயினர். 1940இல் மீண்டும் வெள்ளையராயினர். நம் நாட்டிலிருந்து சென்றோர் கதை இதனினும் சுவையானது. 1920, 1930, 1940 கணக்குகளிலே அவர்களுடைய இனத்தின் பெயர் 'இந்து'. சீக்கியரும் இந்து, முசுலிமும் இந்து! 1970இல் அவர்கள் வெள்ளையர். 1980இல் ஆசியர். தோலும் எலும்பும் மட்டும் அப்படியே இருந்தன.

அக்காலத்தே வெளிநாட்டிலிருந்து வந்தோரில் வெள்ளையரும் ஆப்பிரிக்க வழியினரும் மட்டுமே அங்கே குடியுரிமை கோரலாம். வங்கத்திலிருந்து சென்ற அக்ஷய் குமார் மஜும்தார், தாம் கலப்பற்ற உயர்சாதி, ஆகவே வெள்ளையர் என வாதாடி 1913இல் குடியுரிமை பெற்றார். பின்னர் லாஸ் ஏஞ்சலஸ் வந்து வாழ்ந்தார். பகத் சிங் திண்ட் என்பாரும் அதே வழியிலே உச்ச நீதிமன்றம் வரை சென்றார். அவர் தரப்பு வாதம் என்ன தெரியுமா? திருமண உறவு என வந்தால், அமெரிக்கர் நீக்ரோவை எப்படிக் கருதுகிறாரோ, அப்படித்தான் உயர்சாதி இந்து தன் நாட்டுப் பழங்குடியைக் கருதுகிறான் என்பது! தீண்டாமையையே தகுதிச் சான்றிதழாக நீட்டினர். 1923இல் நீதிமன்றம், நூலோர் ஆரியர் என்றாலும் சாமானியன் கண்ணுக்கு நீர் வெள்ளையர் அல்லர் எனக் கதவைச் சாத்திற்று. அதைத் தொடர்ந்து, மஜும்தாரின் குடியுரிமையையும் தென் கலிபோர்னியக் கூட்டாட்சி நீதிமன்றம் பறித்தது. நிறவெறித் தீர்ப்பை நாம் போற்றவில்லை. ஆனால் கீழே ஒருவனை மிதித்துக்கொண்டே மேலே இருப்பவனிடம் சமத்துவம் கேட்ட அந்த வாதத்தைப் படிக்கையில் நாணம் நம்மைப் பிடுங்கித் தின்கிறது.

கட்டம் வெறும் காகிதத்துக் கோடுதானே என எண்ணிவிட வேண்டாம். வெள்ளையனுக்கு எதிராகப் பூர்வகுடியின் சாட்சி செல்லாது என்பது அன்றைய கலிபோர்னியச் சட்டம். 1854இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் சீனரையும் அதே கட்டத்திலே அடைத்தது. சீனரைக் கொன்ற குற்றத்துக்குத் தண்டனை பெற்ற வெள்ளையன் தப்பினான். 1871இல் லாஸ் ஏஞ்சலஸ் வீதியிலே வெறிகொண்ட கும்பல் 18 சீனருக்குக் குறையாமல் கொன்று தீர்த்தது. தண்டிக்கப்பட்ட சிலரும் மேல்முறையீட்டிலே விடுபட்டனர். 1931 முதல், பொருளாதார வீழ்ச்சியைக் காரணம் காட்டி, கவுண்டி நிர்வாகமே பயணச்சீட்டு வாங்கிக் கொடுத்து மெக்சிகோ வழியினரை ரயிலேற்றி அனுப்பிற்று. அவர்களுள் அமெரிக்க மண்ணிலேயே பிறந்த குழந்தைகளும் உண்டு. இதற்காக மாநிலம் மன்னிப்புக் கோரிச் சட்டம் இயற்றியது 2005இல்!

அந்த 'அயலார்' திருமணப் பதிவு மேசைக்கு வந்தபோது என்ன ஆனார்கள்? 1947இல் ஆந்திரியா பெரெஸ் என்ற மெக்சிகோ வழிப் பெண்ணும், சில்வெஸ்டர் டேவிஸ் என்ற கறுப்பின ஆணும் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி அலுவலகத்துக்குச் சென்று திருமண உரிமம் கேட்டனர். படிவத்திலே அப்பெண் தம்மை வெள்ளையர் என எழுதினார்; சட்டத்தின் கணக்கு அதுதானே! வெள்ளையருக்கும் நீக்ரோவுக்கும் மணம் கூடாதென உரிமம் மறுக்கப்பட்டது. ரயிலேற்றி அனுப்பும்போது அயலார், காதலிக்கும்போது வெள்ளையர்! என்னே அவர்தம் இன ஆராய்ச்சி! 1948இல் மாநில உச்ச நீதிமன்றத்தின் எழுவரில் நால்வர் அத்தடையை உடைத்தெறிந்தனர். கலந்து பிறந்தவரை எந்தப் பக்கத்திலே வைப்பதென்று சட்டத்தாலேயே சொல்ல முடியவில்லையே என நீதிபதி ரோஜர் டிரெய்னர் சுட்டிக் காட்டினார். நாடு முழுவதும் அத்தகைய தடைகள் வீழ 1967 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

"நீங்களே சொல்லிவிட்டீர்கள், கட்டங்கள் பொய்யென்று! பின் ஏன் எண்ண வேண்டும்?" என மடக்கப் பார்ப்பர். கட்டம் பொய், அதனால் விழுந்த காயம் பொய்யா? கலிபோர்னியாவிலேயே அந்தச் சூழ்ச்சி ஒருமுறை அரங்கேறியது. அரசு எவருடைய இனத்தையும் கேட்கவோ குறிக்கவோ கூடாது என்ற 54ஆம் முன்மொழிவு 2003இல் வாக்கெடுப்புக்கு வந்தது. கேட்கக் கேட்க இனிமையான சொற்கள்! மக்களோ ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு வாக்குகளால் அதைத் தள்ளினர். தள்ளாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 2020இல் அக்கவுண்டியிலே வீடின்றித் தெருவிலும் காப்பகங்களிலும் கிடந்தோரை எண்ணினர். மூன்றில் ஒரு பங்கினர் கறுப்பின மக்கள். மொத்த மக்களிலே அவர்கள் நூற்றுக்கு 8 பேர். இரண்டு எண்களையும் பக்கத்திலே பக்கத்திலே வைத்தால்தானே கொடுமை கண்ணிலே படும்?

ஆட்சியிலும் அதே கதைதான். அக்கவுண்டியை ஆள்வது ஐவர் மன்றம். ஒருவருக்கு ஏறத்தாழ 20 லட்சம் மக்கள். இருபதாம் நூற்றாண்டு பிறந்து 90 ஆண்டுகள் ஆகியும் அந்த ஐந்து நாற்காலிகளிலே ஒரு லத்தீனோவும் அமரவில்லை. ஓரிடத்திலே திரண்டு வாழ்ந்த மக்களைத் தொகுதி எல்லையால் துண்டாடியிருந்தனர். வழக்குத் தொடுத்தோர் கையிலே இருந்த ஆயுதம் மக்கள் தொகைக் கணக்கு. 1990இல் நீதிமன்றம் அநீதியை உறுதி செய்து எல்லையை மாற்றச் சொல்லிற்று. 1991இல் குளோரியா மொலினா வென்று மன்றத்திலே நுழைந்தார்.

எதிர்ப்போரிடம் ஒரு வலுவான வாதம் உண்டு; அதை நாம் ஒளிக்கப் போவதில்லை. 1942இல் ஜப்பானிய வழியினரை முகாம்களிலே அடைத்தபோது, எந்தத் தெருப்பகுதியிலே எத்தனை பேர் என்பதை இராணுவத்துக்கு எடுத்துக் கொடுத்தது கணக்கெடுப்புத் துறையே. லாஸ் ஏஞ்சலஸின் லிட்டில் டோக்கியோ காலியாயிற்று. 2000ஆம் ஆண்டிலே அத்துறையின் தலைவர் மன்னிப்புக் கேட்டார். ஆனால் ஜப்பானிலிருந்து வந்து குடியேறிய பெற்றோருக்கு அன்று வாக்குரிமை இருந்ததா? இல்லை, வெள்ளையர் அல்லர் என்ற அதே கட்டம் அவர்களுக்குக் குடியுரிமையையே மறுத்திருந்தது. எண்ணப்பட்டவனுக்கு ஏட்டின்மீது உரிமையில்லாத இடத்திலே கணக்கு கைவிலங்காகும். ஆகவேதான் தனிமனிதர் தரும் விவரத்துக்குச் சட்டப் பூட்டும், அந்தப் பூட்டுக்கு எண்ணப்படுவோரின் காவலும் வேண்டும் என்கிறோம்.

எண்ணாமல் விடுவதிலும் ஓர் அரசியல் உண்டு. 2020 கணக்கைச் சரிபார்த்தபோது, நாடு முழுவதும் லத்தீனோ மக்களிலே நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேர் விடுபட்டிருந்தது தெரிந்தது. வெள்ளையரோ உள்ளதற்கும் சற்றுக் கூடுதலாகவே எண்ணப்பட்டிருந்தனர். விடுபட்டவனுக்குப் பள்ளியிலே ஓர் இடம் குறையும். மருத்துவமனையிலே ஒரு படுக்கை குறையும். எண்ணாதே என உபதேசிப்போர் வீட்டிலே எதுவும் குறையாது.

2024 நவம்பரிலே அக்கவுண்டி மக்கள் ஐவர் மன்றத்தை ஒன்பதின்மர் மன்றமாக்க வாக்களித்தனர். 2030 கணக்கை வைத்து அந்த ஒன்பது தொகுதிகளின் எல்லைகள் வரையப்பட வேண்டும். முதன்முதலில் அம்மண்ணிலே வாழ்ந்த டோங்வா மக்களை மாநிலம் 1994இல் ஏற்றுக்கொண்டும், கூட்டாட்சி அரசின் பழங்குடிப் பட்டியலிலே அவர்கள் பெயர் ஏறவில்லை. 'எண்ணினால் வளரும்' எனும் அன்பர்கள் அங்கே சென்று, பாயில் ஹைட்ஸ் தெருவிலே நின்று, அம்மக்களிடம் ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும்!