சாலையோர நாவல்

புது தில்லியில் குடியரசுத் தலைவர் மாளிகைக்கும் இந்தியா கேட்டுக்கும் இடையே செல்லும் அகன்ற சாலையின் இருபுறமும் நாவல் மரங்கள் வரிசையாக நிற்கின்றன. முன்னர் ராஜபாதை என்றும், 2022ஆம் ஆண்டு முதல் கர்த்தவ்ய பாதை என்றும் வழங்கப்படும் அச்சாலையைக் குடியரசு நாள் அணிவகுப்பின்போது தொலைக்காட்சியில் காணாத மாணவர் இலர். ஆனால், அணிவகுப்பைக் காணும் கண்கள் மரங்களைக் காண்பதில்லை. ஜனவரி மாதத்துப் பனிமூட்டத்தில் அவை வெறும் பச்சை நிழல்கள். ஜூன் இறுதியில் மழை தொடங்கும்போதுதான் அவை தம்மை வெளிப்படுத்துகின்றன. நடைபாதை முழுவதும் கருநீலக் கறை படிகிறது. நடப்போரின் காலணிகள் ஒட்டுகின்றன. மரத்தின் மேல் ஒருவர் ஏறிக் கிளையை உலுக்க, கீழே நால்வர் துணியை விரித்துப் பிடித்துப் பழங்களை ஏந்துகின்றனர். தெருவணிகர் அப்பழங்களை மட்பாண்டத்தில் இட்டு, கருப்பு உப்பைத் தூவிக் குலுக்கித் தருகிறார். தின்றவரின் நாக்கு மாலை வரை அந்நிறம் மாறுவதில்லை.

தில்லியில் வாழும் தமிழ்ச் சிறுவர் பலர் இப்பழத்தை 'ஜாமுன்' என்றே அறிவர். தமிழ்ப் பாடநூலில் 'நாவல்' என்னும் சொல்லைக் கண்டால், அதனைப் புதினம் என்று பொருள் கொள்வோரும் உண்டு. இது நகைப்பிற்குரியது போலத் தோன்றினும், உண்மையில் வருந்தத்தக்கது. நாவல் மரத்தின் மேல் அமர்ந்த ஆயர் சிறுவனாகிய முருகன், சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று ஔவையாரிடம் வினவிய கதையை அவர்கள் படிக்கின்றனர், மனப்பாடமும் செய்கின்றனர். கனிந்த பழம் விழுந்தால் அதில் மண் ஒட்டும் என்பதையும், ஒட்டிய மண்ணை வாயால் ஊதியே அகற்ற வேண்டும் என்பதையும் கையில் எடுத்துப் பார்த்த குழந்தைக்குக் கதை உடனே விளங்கிவிடும். பார்க்காத குழந்தைக்கு எத்தனை முறை விளக்கினாலும் அது ஒரு வினா விடையாகவே நின்றுவிடும். கதைக்குரிய மரமோ, அக்குழந்தை பள்ளிக்குச் செல்லும் பேருந்தின் சன்னலை உரசிக்கொண்டு நிற்கிறது.

மத்திய அரசு ஊழியரின் பிள்ளைகள் பெற்றோரின் பணியிட மாற்றத்தால் கல்வி தடைபடாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே 1963ஆம் ஆண்டு மத்தியப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. எந்த மாநிலத்திற்குச் சென்றாலும் அதே பாடத்திட்டம், அதே சீருடை. நல்ல ஏற்பாடுதான். ஆயினும், பாடத்திட்டம் உடன் வருவதைப் போல ஊர் உடன் வருவதில்லை. ஆதலால் இத்தகைய குடும்பங்களில், 'எங்கள் ஊரில்' என்று தொடங்கும் பேச்சு ஓயாமல் கேட்கும். எங்கள் ஊரில் ஆறு உண்டு. எங்கள் ஊரில் தோப்பு உண்டு. எங்கள் ஊரில் பாட்டி உண்டு. அப்பேச்சில் பிழையில்லை. நினைவு கூர்வது பெற்றோரின் உரிமை. ஆனால், அதனை நாள்தோறும் கேட்கும் குழந்தை, மகிழ்ச்சி என்பது 2,100 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஒன்று என்றும், தில்லி தொடர்வண்டிக்காகக் காத்திருக்கும் நடைமேடை என்றும் எண்ணத் தொடங்குகிறது. ஆண்டின் பத்து மாதங்களை நடைமேடையில் கழிப்பது யாருக்கும் நல்லதன்று.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கோடை விடுமுறையில் குடும்பங்கள் தமிழ்நாடு விரைவு வண்டியில் ஏறும் மே மாதத்தில்தான் தில்லியில் கொன்றை பூக்கிறது. இலை தெரியாத அளவிற்குப் பொன்னிறச் சரங்கள் தொங்குகின்றன. முல்லைத் திணைப் பாடல்களில் கார்காலத்தை அறிவிக்கும் பூவாக மாணவர் படிக்கும் அதே கொன்றைதான் அது. இங்கு அது கார்காலம் வரை காத்திராமல் கடும் வெயிலிலேயே மலர்ந்துவிடுகிறது. ஊரைக் காணும் ஆவலில் அதனைக் காணாமல் செல்வோரே மிகுதி. அவர்கள் திரும்பி வரும்போது கொன்றை உதிர்ந்து, நாவல் விழத் தொடங்கியிருக்கும்.

இம்மரங்கள் தாமாக முளைத்தவை அல்ல. தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படும் என்று 1911ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. 1931ஆம் ஆண்டு புது தில்லி திறந்துவைக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில், வில்லியம் மஸ்டோ என்னும் தோட்டக்கலை வல்லுநரின் மேற்பார்வையில் சாலைதோறும் மரங்கள் நடப்பட்டன. அக்பர் சாலையில் புளி, ஜன்பத்தில் நீர்மருது, ராஜபாதையில் நாவல் எனப் பல சாலைகளுக்கு ஒவ்வொரு மரம் ஒதுக்கப்பட்டது. நட்டவர்கள் நிழலையும் அழகையும் கருதினரேயன்றித் தமிழரைக் கருதியிருக்க மாட்டார்கள். எனினும், நாடு முழுவதையும் நாவலந்தீவு என்று பெயரிட்டழைத்த மக்களுக்கும், வெண்ணாவலைத் தலமரமாகக் கொண்ட திருவானைக்காவின் பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் இவற்றுள் ஒன்றும் அயல் மரம் அன்று. கரோல் பாக் கடையில் பொட்டலமாக வாங்கும் புளிக்கும் அக்பர் சாலையின் நிழலுக்கும் உள்ள உறவைக் குழந்தைக்குச் சொல்லும் பெற்றோர் சிலரேனும் இருத்தல் வேண்டும்.

ஒரே மரத்தைத் தொடர்ந்து சில ஆண்டுகள் பார்ப்பதில் வேறொரு பயனும் உள்ளது. பத்து வயதுச் சிறுமி கீழே விழுந்த பழத்தைப் பொறுக்குவாள். பதின்மூன்று வயதில், மழையில் நனைந்தபடி கிளையை உலுக்குபவர் யார், நாள் முழுவதும் துணி பிடித்து நிற்கும் அக்குடும்பத்திற்கு என்ன கிடைக்கும் என்று வினவுவாள். பதினாறு வயதில் மரத்தின் கணக்கையே கேட்பாள். 2018ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தில்லியில் அக்கணக்கு வெளிப்படையாகவே கேட்கப்பட்டது. சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் முதலிய அரசு ஊழியர் குடியிருப்புகளை இடித்துவிட்டு அடுக்குமாடிகள் எழுப்பும் திட்டத்திற்காக 16,000க்கும் மேற்பட்ட மரங்களை வெட்ட வேண்டியிருக்கும் என்னும் செய்தி வந்தபோது, மக்கள் தெருவிற்கு வந்து மரங்களைக் கட்டியணைத்து நின்றனர். 1973ஆம் ஆண்டு இமயமலைச் சிற்றூர்களில் தோன்றிய சிப்கோ இயக்கத்தின் முறை அது. தில்லி உயர்நீதிமன்றம் வெட்டுவதை நிறுத்தி வைத்தது. அங்கு நின்றவர்களுள் மரநூல் வல்லுநர் சிலரே இருந்திருப்பர். ஏனையோர் அம்மரங்களின் அடியில் நடந்தவர்கள், அவ்வளவே.

மூன்றாண்டுகளில் மாறிச் செல்ல வேண்டிய ஊரில் இத்தகைய பற்று எதற்கு என்று கேட்போர் உளர். பிரிவு வலிக்கும் என்பது அவர்தம் அச்சம். வலிக்கத்தான் செய்யும். பாட்டி வீட்டுத் திண்ணைக்கு ஈடாக ஒரு நடைபாதையைக் காட்டுவதும் முறையன்று. ஒன்று மற்றொன்றிற்கு ஈடாகாது. ஆனால், மூன்றாண்டு என்பது மூன்று நாவல் பருவம். பின்னர் கௌகாத்தியிலோ கொச்சியிலோ வாழும் குழந்தை, 'எங்கள் ஊரில்' என்று தொடங்கும்போது சொல்வதற்கு அதனிடம் சொந்தமாக ஏதேனும் இருக்கும்.

நாவல் விதை உலர்ந்தால் விரைவில் முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். தின்ற கையோடு ஈரமண்ணில் ஊன்ற வேண்டும். ஜூலை மாதத்தில் அரசுக் குடியிருப்பின் பால்கனித் தொட்டி ஒன்றில் ஊன்றினால், சில வாரங்களில் செந்நிறத் தளிர் தலைகாட்டும். தொட்டியில் அது நெடுநாள் தங்காது. அடுத்த மழைக்குள் தரையில் இடம் பார்க்க வேண்டும்.