மின்னழுத்தத்தின் சாவி யார் கையில்?

கலைப்பீடத்தில் படித்துப் பத்திரிகை அலுவலகங்களிலேயே காலத்தைக் கழித்த ஒருவன் கிராபிக்ஸ் அட்டைகளைப் பற்றி எழுதுவது நண்பர்கள் சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். இந்த நாட்டம் என்னுடைய அக்காவின் மகனால் வந்தது. 2012ஆம் ஆண்டில், சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தோடு வந்து, "மாமா, ரேடியோன் வாங்கிறதா, ஜீஃபோர்ஸ் வாங்கிறதா?" என்று கேட்டான். இரு தரப்பையும் விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்வது நமது தொழிலுக்கு அழகல்லவே. ஆகவே படிக்கத் தொடங்கினேன்.

அவ்வேளை களத்தில் நின்றவை இரண்டு. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரேடியோன் எச்.டி. 7970, 925 மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் வந்தது. என்விடியாவின் ஜீ.ரீ.எக்ஸ். 680 அடிப்படையில் 1006 மெகாஹேர்ட்ஸில் ஓடி, வெப்பமும் மின்சாரமும் இடங்கொடுக்கும்போது தானாகவே மேலே ஏறிக்கொள்ளும். பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே பூட்டுபவருக்கு இரண்டாவது அட்டையே மேல். அது இழுக்கும் மின்சாரமும் குறைவு. ஆனால் ஓவர்குளொக்கிங் செய்பவரின் கணக்கு வேறு. ரேடியோனில் ஒரு சிறு மென்பொருளைக் கொண்டே மின்னழுத்தத்தைக் கூட்டி வேகத்தை வெகுவாக உயர்த்த முடிந்தது. ஜீ.ரீ.எக்ஸ். 680இல் மின்னழுத்தத்துக்கு மேல் எல்லை ஒன்று போடப்பட்டிருந்தது. அதைத் தாண்டும் சாவி வாங்கியவரிடம் இல்லை.

அதே ஆண்டில் நடந்த ஒரு சம்பவம் இதைவிட முக்கியமானது. ஈ.வி.ஜீ.ஏ. நிறுவனம் தனது 'கிளாசிஃபைட்' வகை 680 அட்டையில், மின்னழுத்தத்தை வெளியிலிருந்து கட்டுப்படுத்தும் கருவியைச் செருகுவதற்கு ஓர் இடம் வைத்திருந்தது. அதற்காகவே மேலதிக விலை கொடுத்து வாங்கியவர்கள் பலர். சில மாதங்களில் அந்த வசதி நீக்கப்பட்டது. அட்டையைத் தயாரித்த நிறுவனத்துக்கே, தான் தயாரித்த பொருளில் எதை அனுமதிக்கலாம் என்ற முழுச் சுதந்திரம் இல்லை என்பதை அன்று பலரும் உணர்ந்தனர்.

நிறுவனங்களின் பக்க நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். மின்னழுத்தம் கூடினால் சிப்பின் ஆயுள் குறையும். மருமகனின் நண்பன் ஒருவன் அளவுக்கு மீறி ஏற்றி அட்டையை எரித்துவிட்டு, "நான் ஒன்றுமே செய்யவில்லை" என்று உத்தரவாதத்தின் கீழ் புதியது வாங்கி வந்தான். அதைச் சாமர்த்தியமாக அவர்கள் சிரித்துப் பேசினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பொய்யின் விலை அடுத்த வாடிக்கையாளரின் பற்றுச்சீட்டில் சேர்கிறது. பூட்டுகளுக்கு நியாயம் தேடிக்கொடுப்பதும் அதே பொய்தான்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். சிப்பு உண்ணும் மின்சாரம், வேகத்தோடு நேராகவும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் உயர்கிறது. வேகத்தையும் மின்னழுத்தத்தையும் பத்து வீதம் கூட்டினால் மின்செலவு ஏறத்தாழ 33 வீதம் ஏறும். விளையாட்டிலோ பத்து வீத முன்னேற்றமும் முழுமையாகக் கிடைப்பதில்லை. இதே கணக்கைத் தலைகீழாகப் போட்டவர்கள் கெட்டிக்காரர்கள். 2017இல் வெளிவந்த ஏ.எம்.டி.யின் வேகா 64 அட்டை 295 வோற்ஸ் அளவுக்கு மின்சாரம் குடித்தது. அதன் மின்னழுத்தத்தைச் சற்றுக் குறைத்தபோது சூடு தணிந்தது. சூடு தணிந்ததால் வேகமும் நிலைத்தது. 2022இல் 450 வோற்ஸ் அளவோடு வந்த ஆர்.ரீ.எக்ஸ். 4090க்கும் இந்த வைத்தியம் பொருந்தும்: மின்சாரத்தைக் கணிசமாகக் குறைத்தாலும் வேகத்தில் இழப்பு சிறிதே.

ஆகவே, மின்னழுத்தக் கட்டுப்பாடு எரிப்பவர்களுக்கு மட்டும் உரிய விளையாட்டு அல்ல. சேமிப்பவர்களுக்கும் அது தேவை. 2022இல் நாள்தோறும் பல மணிநேரம் மின்வெட்டில் இருந்து, பின்னர் ஏறிய கட்டணத்தையும் செலுத்திய எங்களுக்கு இதைப் பாடமாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெள்ளவத்தையின் சிறிய அறையொன்றில் 300 வோற்ஸ் வெப்பம் என்பது ஓர் அடுப்புத்தான்.

அட்டைகளை ஒப்பிடுபவர்கள் உச்ச வேகத்தை மட்டும் எழுதுவது, ஓட்டப்பந்தய வீரனின் முதல் பத்து அடியை மட்டும் அளப்பதற்கு ஒப்பானது. அரை மணிநேரம் ஓடிய பின்னர் நிலைக்கும் வேகம் என்ன? மின்னழுத்தத்தை மேலும் கீழும் எவ்வளவு நகர்த்தலாம்? மின்சார எல்லை எங்கே? இம்மூன்றும் தெரியாமல் ஒப்பீடு முழுமையாகாது. இவற்றை நிறுவனங்கள் பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும் என்பது எனது கருத்து. விற்ற பின்னர் வசதியைப் பறிப்பது எந்தச் சந்தையிலும் நேர்மையாகாது. அதேவேளை, எல்லை தாண்டி ஏற்றியவர் சேதத்தைத் தானே ஏற்கவும் வேண்டும். சாவியும் பொறுப்பும் ஒரே கையில் இருப்பதே முறை.

மருமகன் அன்று 7970ஐத்தான் வாங்கினான். முதலாம் மாதம் ஏற்றினான். மின்கட்டணச் சிட்டை வந்த இரண்டாம் மாதம் இறக்கினான். ஏற்றவும் இறக்கவும் அவனால் முடிந்தது என்பதே அந்த அட்டையில் எனக்குப் பிடித்த விடயம்.