டையைக் கழற்றினால் கரண்ட் மிச்சம்!

வீட்டில் ஏசி அரைமணி நேரம் கூடுதலாக ஓடினால் "கரண்ட் பில் யார் கட்டுவது?" என்று ஒரு குரல் வரும். ஆபீஸில் அந்தக் குரல் கிடையாது. பில் கம்பெனிக்கு, குளிர் நமக்கு! வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை பார்க்கும் வேடிக்கை இதனால்தான் நடக்கிறது.

நான் படிப்பது வணிகவியல். அந்தக் கணக்கில் பார்த்தால், செலவு செய்பவர் ஒருவர், பணம் கட்டுபவர் வேறொருவர் என்றால் சிக்கனம் வராது. சுவிட்ச் பக்கத்தில் 'மின்சாரத்தைச் சேமிப்பீர்' என்று எழுதி ஒட்டிவிட்டால் மட்டும் போதுமா?

ஜப்பான்காரர்கள் 2005-ல் வேறு வழியில் யோசித்தார்கள். அங்கேயும் கோடையில் வெயிலும் புழுக்கமும் வாட்டி எடுக்கும். ஆனாலும் ஆபீஸுக்குக் கோட், டை கட்டாயம் போல இருந்தது. கோட் போட்டவருக்கு வியர்க்கக் கூடாது என்று ஏசியைப் பலமாக ஓடவிடுவார்கள். அப்போது சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த யூரிகோ கோய்கே 'கூல் பிஸ்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். அறையின் வெப்பநிலை 28 டிகிரி இருக்கட்டும், பதிலுக்கு டையும் கோட்டும் வேண்டாம் என்பதுதான் திட்டம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், முதலில் டையைக் கழற்றியவர்கள் குமாஸ்தாக்கள் அல்ல. பிரதமர் கொய்சுமியே டை இல்லாமல் வந்தார். டை கட்டாமல் போனால் மரியாதைக் குறைவோ என்று பயப்படுவது கீழே இருப்பவர்தான். மேலதிகாரியே கழற்றிவிட்டால் அந்தப் பயம் போய்விடும். முதல் கோடையிலேயே சுமார் 4 லட்சத்து 60 ஆயிரம் டன் கார்பன் டை ஆக்சைடு குறைந்ததாக அந்த அமைச்சகம் கணக்கிட்டது. டை தயாரிப்பாளர்கள் வியாபாரம் போச்சே என்று புலம்பியது தனிக்கதை! 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு மின்தட்டுப்பாடு வந்தபோது போலோ சட்டை வரைக்கும் அனுமதித்தார்கள்.

28 டிகிரியில் உட்கார முடியுமா என்று கேட்கலாம். அது அறையின் வெப்பநிலை. ரிமோட்டில் வைக்கும் எண் அல்ல. மேற்கு வெயில் அடிக்கும் அறையில் ரிமோட்டை இன்னும் குறைத்துத்தான் வைக்க வேண்டியிருக்கும். கூடவே ஒரு மின்விசிறி ஓடினால் சமாளிக்கலாம்.

இந்தியாவில் 2020 ஜனவரி முதல் ஸ்டார் முத்திரை பெற்ற அறை ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி தயாராக வேண்டும் என்பது விதி. ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்கிறது. நல்ல விதிதான். ஆனால் யாராவது ரிமோட்டைத் தொடும்வரைதான் அதற்கு ஆயுள்.

ஆகவே மேலாளர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். ஊழியர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்புவதற்கு முன், கோட்டையும் டையையும் நீங்கள் முதலில் கழற்றுங்கள். ரிமோட்டை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.