அலுமாரிக்கு எதற்கு முகமூடி?

லண்டன், ரொறன்ரோ முதலான நகரங்களில் வாழும் நம்மவர்களிடமிருந்து எனக்கு வரும் மின்னஞ்சல்களில், இப்போதெல்லாம் அரசியலுக்கு அடுத்தபடியாக அலுமாரிப் படங்களே அதிகம். கடையில் அட்டைப் பெட்டிகளில் பலகைகளாக வாங்கிவந்து வீட்டில் திருகாணி முறுக்கிப் பொருத்திக்கொள்ளும் அலுமாரியை, வீடு கட்டிய நாளிலேயே சுவரோடு சேர்த்துக் கட்டியது போலத் தோன்றச் செய்துவிட்டு, ‘முன்னர்’, ‘பின்னர்’ என்று இரண்டு படங்களை இணைத்து அனுப்புகிறார்கள். பாராட்டை எதிர்பார்த்து அனுப்பப்படும் படங்களுக்குக் கண்டனம் எழுதுவது நாகரிகமன்று என்பதை அறிவேன். ஆயினும் முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகையில் கண்டனம் எழுதிப் பழகிய கைக்கு வேறு தொழில் தெரியாது.

வேலை இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். பலரும் எடுத்துக்கொள்வது ஐக்கியா நிறுவனத்தின் ‘பக்ஸ்’ அலுமாரி. (பரிஸிலும் சூரிச்சிலும் உள்ள நம்மவர்கள் ‘இக்கேயா’ என்பார்கள், சுவீடன் உச்சரிப்புக்கு அதுவே நெருக்கம்.) அதன் கூடுகள் 50, 75, 100 சென்ரிமீற்றர் அகலங்களில் கிடைக்கின்றன, உயரம் 201 அல்லது 236. மூன்று கூடுகளை வரிசையாக நிறுத்தினால் ஒரு சுவரின் பெரும்பகுதி மறைந்துவிடும். மிஞ்சுவது பக்கங்களில் நாலைந்து விரற்கடை இடைவெளியும், மேலே உட்கூரை வரையுள்ள வெற்றிடமும். சுவரின் காலடியில் ஓடும் பலகைப் பட்டியைக் கழற்றி, மரச்சட்டத்தால் ஒரு மேடை அமைத்து, அதன்மேல் கூடுகளை ஏற்றி, பக்க இடைவெளிகளை எம்டிஎஃப் பட்டிகளால் மூடி, மேலே கோர்னிஸ் ஒட்டி, பொருத்துகளிலெல்லாம் பசை நிரப்பி, கதவு தொடக்கம் உட்கூரை விளிம்பு வரை ஒரே வர்ணம் பூசிவிட்டால் ‘முன்னர்’ என்பது ‘பின்னர்’ ஆகிவிடுகிறது.

ஒரு வார இறுதியில் முடியும் என்று சொல்லப்படும் வேலை இது. முடிவதில்லை. மரத்துகள்களைப் பசையிட்டு அழுத்திய பலகையின்மீது மெல்லிய படலம் ஒன்றை ஒட்டித்தான் அந்த அலுமாரி செய்யப்படுகிறது. அப்படலத்தில் வர்ணம் நேரே பிடிக்காது. மணற்கடதாசியால் தேய்த்து, அதற்கென்றே உள்ள பிறைமரைப் பூசி, காயவிட்டு, பிறகே வர்ணம் பூசவேண்டும். அதற்கு முன்னரே இன்னொரு தடை உண்டு. 236 உயரமும் 58 ஆழமும் உள்ள கூட்டைத் தரையில் படுக்கவைத்துப் பொருத்திப் பின்னர் நிமிர்த்தும்போது, அதன் மூலைவிட்டம் 243 சென்ரிமீற்றர் இடம் கேட்கும். உட்கூரை 240இல் இருக்கும் வீட்டில், பாடசாலையில் பைதகரஸின் பாடத்தைத் தூங்கிக் கழித்தவர், சனிக்கிழமை பின்னேரம் அவரை நேரிற் சந்திக்கிறார்.

இத்தனை பாடும் எதன் சாயலைப் பெறுவதற்காக? விக்ரோரியா காலத்து ஆங்கில வரிசை வீடுகளில் அறைதோறும் கணப்பு இருந்தது. கணப்புக்கு மேலே புகைபோக்கி ஏறும் சுவர் அறைக்குள் துருத்தி நிற்கும். அதன் இருமருங்கிலும் இரண்டு குழிவுகள் தாமாக உண்டாகும். அந்தக் குழிவுக்குள் தச்சர் வந்து அலுமாரி செய்தார். நூறு ஆண்டு கடந்த சுவர் எதுவும் நேராக இராது. ஆகவே தச்சர் பலகையைச் சுவரருகே தூக்குநூல் பிடித்து நிமிர்த்தி நிறுத்துவார். கவராயத்தின் ஒரு காலைச் சுவரில் வைத்து, பென்சில் பூட்டிய மறுகாலைப் பலகையின்மேல் மேலிருந்து கீழாக ஓடவிடுவார். சுவரின் மேடுபள்ளமெல்லாம் பலகையில் ஒரு கோடாக இறங்கும். அந்தக் கோட்டின் வழியே அறுத்துச் சீவினால், பலகை சுவரின் கோணலை அப்படியே ஏற்றுக்கொண்டு அதனோடு போய் ஒட்டி நிற்கும். நம் யாழ்ப்பாணத்தில் ஓடாவியார் என்று மரியாதையோடு அழைக்கப்படுபவர்களிடமும் இந்தக் கை உண்டு; கேட்டால் “இதுக்கென்ன பெரிய வித்தை” என்பார்கள். நேராக அறுத்த பட்டியை நிறுத்திவிட்டு, எஞ்சும் கோணலைக் குழாயிலிருந்து பிதுக்கும் பசையால் மூடுவதற்குத் தமிழில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது: பூசி மெழுகுதல். கவராயம் பிடிக்கவும் கற்றுக்கொண்டு முறையாகச் செய்வோர் சிலர் இருக்கிறார்கள். அவர்களின் கைக்கு என் வணக்கம். ஆனால் அவர்களோடும் எனக்கு வழக்கு உண்டு, அதற்கு வருகிறேன்.

சுவரோடு சேர்ந்த பொருள்களை வெறுப்பவன் அல்லன் நான். நம் பழைய வீட்டுத் திண்ணை என்ன? சுவர் எழுப்பும்போதே விளக்குக்கென்று விட்ட மாடம் என்ன? அவை வீட்டின் உறுப்புகள். சுவரின் தடிப்பைக் கணக்கிட்டு, இடம் குறித்து, வீட்டோடு பிறந்தவை. மாறாக, அலுமாரி என்ற சொல்லே போர்த்துக்கேயரிடமிருந்து வந்து நம்மோடு குடியேறியது. குடியேறியதைக் குடியேறியதாக வைத்திருப்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்பதே என் கேள்வி.

இன்னொன்றையும் தெளிவுபடுத்த வேண்டும். காசு கொடுத்து வாங்கிய பொருளை அறுக்கவும் ஒட்டவும் வாங்கியவருக்கு முழு உரிமை உண்டு. ஐக்கியா பொருள்களை மாற்றியமைக்கும் விதங்களைத் தொகுத்து 2006 முதல் இணையத்தளம் ஒன்றை நடத்திவந்த மலேசியப் பெண்மணி ஒருவருக்கு, 2014இல் அந்நிறுவனம் தன் பெயரைப் பயன்படுத்தக்கூடாதென்று சட்டக் கடிதம் அனுப்பியது. உலகெங்கும் எழுந்த எதிர்ப்பைக் கண்டு பின்வாங்கியது. பின்வாங்கியதே சரி. மேசையை வாங்கிலாக்குங்கள், இழுப்பறையைத் தொட்டிலாக்குங்கள்; நான் கைதட்டுவேன். மாற்றியமைப்பது பொருளுக்கு ஒரு புதுப் பயனைத் தருவது. நான் கண்டிக்கும் வேலையோ, பயனில் ஒரு நூலிழையும் கூட்டாமல், பொருளிடம் ஏற்கெனவே உள்ள மிகப் பெரிய நன்மையை அழிக்கிறது.

அந்த நன்மை என்ன? அது வீட்டைவிட்டுப் புறப்படக்கூடியது. 1956இல் ஐக்கியாவின் வடிவமைப்பாளர் கில்லிஸ் லுண்ட்கிரென், ‘லெவெட்’ என்ற சிறு மேசை காருக்குள் ஏற மறுத்தபோது அதன் கால்களைக் கழற்றினார் என்பது அந்நிறுவனம் விருப்பத்தோடு சொல்லும் கதை. கழற்றலாம், தட்டையாக அடுக்கலாம், வேறிடத்தில் மறுபடி பூட்டலாம் என்பதே இந்தத் தளபாடத்தின் உயிர். மரத்துகள் பலகை அதற்கே அவ்வளவு ஒத்துழைப்பதில்லை. ஒருமுறை இறங்கிய திருகாணித் துளை மறுமுறை அதே பிடியைத் தராது. ஆயினும் கவனமாகக் கழற்றினால் இரண்டு மூன்று வீடு மாறலாம். பசையும் ஆணியும் வர்ணமும் ஏறிய பிறகு கழற்றுவது என்பது உடைப்பது. பிறகு அதன் இடம் குப்பைக் கிடங்கு.

சொந்த வீட்டுக்காரருக்கு இது ஒரு நட்டம் மட்டுமே. வாடகைக்கு இருப்பவருக்கு அதற்கும் மேல். எனக்குப் படம் அனுப்பியவர்களுள் ஐவர் வாடகை வீட்டில் இருப்பவர்கள் என்பதாலேயே இதை எழுத உட்கார்ந்தேன். நிலத்தோடு இணைக்கப்பட்டது நிலத்தைச் சேரும் என்பது இங்கிலாந்துச் சட்டத்தின் பழைய விதி. எது இணைந்தது, எது இணையாதது என்று தீர்மானிக்க 1872ஆம் ஆண்டின் ஹொலண்ட் எதிர் ஹொட்ஜ்சன் வழக்கு இரண்டு கேள்விகளைத் தந்தது: எவ்வளவு உறுதியாக இணைக்கப்பட்டிருக்கிறது? என்ன நோக்கத்தோடு இணைக்கப்பட்டது? ஆலையின் தரையில் ஆணியடித்து நிறுத்திய தறிகளைப் பற்றிய வழக்கு அது. தறிகள் நிலத்தைச் சேர்ந்தவையாயின. நீதியரசர் பிளக்பேர்ன் அதில் எடுத்துக்காட்டிய உவமை அருமையானது. கட்டடப் பொருள் விற்பவரின் முற்றத்தில் குவித்த கற்கள் வெறும் கற்கள். அதே கற்களைச் சாந்தில்லாமல் அடுக்கி வேலியாக்கினால் அவை நிலத்தின் பகுதி. கல் மாறவில்லை, நோக்கம் மாறிவிட்டது.

இந்த அளவுகோலை அலுமாரிக்கு வைத்துப் பாருங்கள். தனித்து நிற்கும் அலுமாரி, சரியாமலிருக்க இரண்டு இரும்புக் கோணங்களால் சுவரில் பிடிக்கப்பட்டிருந்தாலும், அலுமாரியைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவதே நோக்கம் என்று வாதிடலாம். வீட்டின் பகுதியாகத் தோன்றவேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு மேடை கட்டி, பட்டி அறைந்து, பசை நிரப்பி, சுவரின் வர்ணத்தையே பூசியவர் என்ன வாதிடுவார்? வீட்டுச் சொந்தக்காரரின் வழக்கறிஞருக்குத் தேவையான சான்றை அவரே இரண்டு வார இறுதிகள் செலவிட்டுத் தயாரித்துக் கொடுத்திருக்கிறார். படமும் எடுத்து வைத்திருக்கிறார். வாடகைக்காரர் தம் வசதிக்காகவும் அலங்காரத்துக்காகவும் பொருத்தியவற்றைப் போகும்போது கழற்றிச் செல்ல அதே சட்டம் ஒரு விலக்கும் தருகிறது என்பதை மறைக்கமாட்டேன்; 1931இல் சுவர்ப்பலகைகளைக் கழற்றும் உரிமையை ஒரு வாடகைக்காரர் தரப்பு அப்படி வென்றும் இருக்கிறது. அவை பழைய பலகைகள். கழற்றினால் விலை உண்டு. பசையில் ஊறிய மரத்துகள் பலகையைக் கழற்றி, கிழிந்த சுவரையும் தம் செலவில் பூசிக்கொடுக்க எவர் முன்வருவார்? விட்டுவிட்டுத்தான் போவார். காரணம் காட்டாமல் வெளியேற்றும் முறையை ஒழிக்க 2025இல் அங்கே சட்டம் நிறைவேறியது உண்மை. வீட்டை விற்கப்போகிறேன் என்று சொல்லி எழுப்புவதற்கு அச்சட்டமும் வழி விட்டிருக்கிறது. அடுத்த விளம்பரத்தில் “சுவர் அலுமாரிகள் உண்டு” என்ற வரியோடு வாடகையும் ஏறும்.

இனிச் சுவரைப் பற்றி. அந்தப் பழைய வீடுகளின் வெளிச்சுவர்கள் ஒன்பது அங்குலத் திண்ம செங்கற்சுவர்கள். நடுவே காற்றறை விட்டு இரட்டைச் சுவர் கட்டும் வழக்கம் பிற்பாடு வந்தது. குளிர்காலத்தில் அச்சுவரின் உட்புறம் சில்லிட்டிருக்கும். சமையலாலும் குளியலாலும் நம் மூச்சாலும் ஈரமான காற்று அதிற் பட்டு நீராகும். அதனாலேயே, வெளிச்சுவரோடு தளபாடத்தை ஒட்டிவைக்காதீர்கள், காற்று உலாவ இடம் விடுங்கள் என்று அங்குள்ள உள்ளூராட்சி சபைகள் சொல்கின்றன. புகைபோக்கியின் பக்கக் குழிவுகள் பெரும்பாலும் அயல்வீட்டோடு பகிரும் சுவரில் இருப்பதால் அங்கே ஆபத்துக் குறைவு. தச்சர்கள் அங்கே அலுமாரி செய்தது எவ்வளவு பொருத்தம்! இன்றைய முகமூடிக்காரர்களோ தெருப்பக்கச் சுவர் முழுவதையும் மூடிவிடுகிறார்கள். இடைவெளி தெரியக்கூடாது என்பதே அவர்களின் வேதம். காற்றுக்கு வேண்டியதோ அந்த இடைவெளிதான். 2020 டிசெம்பரில் றொச்டேல் நகரில் அவாப் இஷாக் என்னும் இரண்டு வயதுக் குழந்தை வீட்டில் படர்ந்த பூஞ்சணத்தால் இறந்ததாக 2022இல் மரண விசாரணை முடிவு கூறியது. அங்கே குற்றம் வீட்டை நிர்வகித்தோருடையது, அலுமாரியுடையதன்று. ஆயினும் பூஞ்சணம் என்பது துடைத்தெறியும் அழுக்கு என்று எண்ணுவோர் அந்த முடிவைப் படிக்கவேண்டும்.

கடைசியாக, சரிதல். 2016 ஜூனில் ஐக்கியா, அமெரிக்காவில் 2 கோடி 90 இலட்சம் இழுப்பறைப் பெட்டிகளை மீளப்பெறுவதாக அறிவித்தது. சுவரில் பிடிக்காமல் விடப்பட்டவை குழந்தைகள்மேல் சரிந்து உயிர் குடித்திருந்தன. 2022 டிசெம்பரில் உறுதிநிலை பற்றிய தனிச் சட்டமே அங்கு வந்தது. தனித்து நிற்கும் அலுமாரியைப் பார்த்தால் எவருக்கும் “சுவரில் பிடித்திருக்கிறீர்களா?” என்று கேட்கத் தோன்றும். கோர்னிஸும் வர்ணமும் ஏறியதைப் பார்த்து எவரும் கேட்பதில்லை. பட்டியும் பசையும் பிடிமானம் ஆகா. உள்ளே இரும்புக் கோணம் உண்டா என்பது பூசியவருக்கு மட்டுமே தெரியும். அடுத்த குடியிருப்பாளரின் பிள்ளைக்குத் தெரியாது.

“அப்படியானால் அந்த அசிங்கமான இடைவெளியோடு வாழச் சொல்கிறீரா?” என்று ஒருவர் முன்கூட்டியே கேட்டு எழுதியிருக்கிறார். ஆம், வாழலாம். முடியாதென்றால் பட்டியை ஒட்டாமல் திருகாணியால் பூட்டுங்கள். கீழேயும் மேலேயும் காற்றுக்கு வழி விடுங்கள். சுவரின் வர்ணத்தைச் சுவரோடு நிறுத்துங்கள். பெட்டியோடு வந்த படக் கடதாசியையும் ஆறுமூலைச் சாவியையும் அலுமாரியின் உள்ளேயே ஓர் உறையில் வையுங்கள். சொந்த வீடும் கையில் பணமும் இருப்பவர்கள் தச்சரையே கூப்பிடலாம். அவர் கேட்கும் தொகை அதிகம் என்று முறையிடுகிறவர்கள், கவராயத்தின் காலைச் சுவரில் வைத்து ஒருமுறை ஓட்டிப் பார்க்கட்டும்.

மறுப்பு எழுத விரும்பும் அன்பர்கள் தாராளமாக எழுதலாம். ஒரு சொல்லும் வெட்டாமல் வெளியிடுவேன். ஒரே ஒரு நிபந்தனை. அனுப்பப்போவது வெளிச்சுவரில் கட்டிய அலுமாரியின் படமானால், ‘முன்னர்’, ‘பின்னர்’ என்ற இரண்டோடு மூன்றாவதாக ஒன்றும் வேண்டும். தை மாதக் குளிரில், ஒரு பட்டியைப் பெயர்த்து, பின்னாலுள்ள சுவரில் விளக்கு அடித்து எடுத்த படம்.