தகப்பனின் பயம் பிள்ளைக்கு வருமா?

சண்டை முடிந்த பிறகு பிறந்த பிள்ளைதான். ஆனால் வெடிச்சத்தம் கேட்டால் நடுங்குகிறான். "தடுப்பில் இருந்து வந்த தகப்பனின் இரத்தத்தில் இருந்து வந்ததோ அக்கா?" என்று கேட்கும் சகோதரிகள் பலர். அயலவர்கள் சொல்வதைக் கேட்டாயிற்று. விஞ்ஞானம் சொல்வதையும் கேட்போமே.

எமது கலங்களில் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற நுண்ணிய இழைகள் உள்ளன. 1993இல் ஒரு சிறு புழுவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டவை. இதற்காக அமெரிக்காவின் விக்டர் அம்ப்ரோஸ், கரி ருவ்குன் இருவருக்கும் 2024இல் நோபல் பரிசு கிடைத்தது. பரம்பரை அலகின் கட்டளையை இவை மாற்றுவதில்லை. அது எவ்வளவு நிறைவேற வேண்டும் என்பதை அடக்கி வைக்கின்றன.

இவை தயாராகும் விதம் தையல் தெரிந்தவர்களுக்கு இலகுவில் விளங்கும். கொண்டை ஊசி போல் மடிந்த நீண்ட இழையை, கலத்தின் கருவுக்குள் துரோஷா என்ற நொதியம் பருமட்டாக வெட்டும். வெளியே வந்ததும் டைசர் என்ற நொதியம் அளவாக வெட்டும். மிஞ்சுவது ஏறத்தாழ 22 எழுத்து நீளமான துண்டு. வெட்டை நிறுத்தவும் கலத்துக்குத் தெரியும். சிசு உருவாகும் ஆரம்ப நாட்களில் லெட்-7 என்ற இழையை வெட்டவிடாமல் லின்28 என்ற புரதம் பிடித்து வைக்கும். கலம் முதிரும்போதே பிடி தளரும். சில புற்றுநோய்களில் அந்தப் புரதம் மீண்டும் தலைதூக்குகிறது. ஆகவே இந்த உற்பத்தி நிலைமைக்கு ஏற்பக் கூடும், குறையும்.

சூரிச் நகரில் இசபெல் மான்சுயி குழுவினர் ஆண் சுண்டெலிக் குஞ்சுகளைத் தாயிடமிருந்து நேரகாலமின்றிப் பிரித்தனர். வளர்ந்த பின் அவற்றின் விந்தில் இத்தகைய சிறு இழைகளின் அளவு மாறியிருந்தது. அடுத்த தலைமுறையின் நடத்தையிலும் மாற்றம் தெரிந்தது. இது 2014இல் வெளியானது. 2016இல் அதே குழுவினர் சொன்னதை ஏனோ எவரும் எடுத்துச் சொல்வதில்லை. அப்படி வதைபட்ட எலிகளைத் துணையோடு, ஓடி விளையாட வசதியுள்ள விசாலமான கூட்டில் வளர்த்தபோது, அந்த மாற்றம் குட்டிகளில் காணப்படவில்லை.

இவை எலிகள். மனிதரில் யுத்தப் பயம் இந்த வழியால் பிள்ளைக்குப் போகிறது என்று நிரூபிக்கப்படவில்லை. ஆனால் தகப்பன் இரவில் கத்தி எழும்புவதைப் பிள்ளை நாளாந்தம் பார்க்கிறதே! "பரம்பரைக் கோளாறு" என்று முத்திரை குத்தினால் இருவருக்கும் சிகிச்சை தேடுவதே நின்றுவிடும். நாளைக்குப் பிள்ளையின் கலியாணப் பேச்சிலும் அந்தச் சொல் வந்து நிற்கும்.

அரசாங்க வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவில் இருவருக்கும் இலவசமாகச் சிகிச்சை பெறலாம். கிளினிக் நாளை உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டறியுங்கள்.