கதிர் பொறுக்கும் உரிமை

வரி என்ற சொல்லைக் கேட்டு முகஞ் சுளியாதார் உலகில் மிகச் சிலரே. தருமத்துக்குப் பத்து ரூபா கேட்டால் மனமுவந்து கொடுக்கும் ஒருவர், அதே ஏழைக்காக அரசாங்கம் ஐந்து ரூபா வரி கேட்டால் சினங் கொள்வதேன்? இவ்வினாவைக் கிறிஸ்தவ உலகம் நெடுங்காலமாகத் தன்னுள் விவாதித்து வருகிறது. நாம் சைவரேயாயினும் அவ்விவாதத்தைக் கேட்டறிவதில் நமக்கும் பயனுண்டு. வரி எல்லாச் சமயத்தாரிடமும் அறவிடப்படுவதன்றோ!

அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள அலபாமா மாநிலம் கிறிஸ்தவப் பற்று மிகுந்தது. 2003ஆம் ஆண்டில் அங்கே நால்வர் கொண்ட குடும்பமொன்று ஆண்டுக்கு 4,600 டொலர் உழைத்தாலே மாநில வருமான வரிக்கு உட்பட்டது. அத்தகைய குடும்பத்துக்கு மத்திய அரசாங்கம் அவ்வாண்டில் வகுத்த வறுமைக்கோடோ 18,400 டொலர். பாணுக்கும் பாலுக்குங்கூட விற்பனை வரி இருந்தது. மறுபுறத்தில், மாநில நிலத்தில் நூற்றுக்கு 71 பங்கு மரக்காடுகளாயிருந்தும், அவற்றின் உரிமையாளர் செலுத்தியது ஆதன வரியில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கும் குறைவே. இதனை எடுத்துக்காட்டியவர் சட்டப் பேராசிரியை சூசன் பேஸ் ஹமில். இறையியற் கல்லூரியொன்றிற் பயின்று 2002இல் அவர் வெளியிட்ட ஆய்வு, இவ்வரிமுறை வேதநெறிக்கு மாறான அநீதி என முடித்தது.

அவ்வாண்டில் ஆளுநராகத் தெரிவான பொப் றைலி, வரியை விரும்பாத குடியரசுக் கட்சியினர், பப்திஸ்து சபையினர். அவரே, எளியோரைக் காப்பது தம் வேதம் இட்ட கடமை எனக் கூறி, வறியோரின் வரியைக் குறைத்து வசதியுள்ளோரின் வரியை உயர்த்தும் 120 கோடி டொலர்த் திட்டமொன்றை மக்கள் முன் வைத்தார். 2003 செப்டெம்பர் 9ஆம் திகதி நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் அதனை நிராகரித்தனர். சபைத் தலைவர் பலர் ஆதரித்தனர். கிறிஸ்தவ அமைப்புகளுள்ளும் எதிர்த்தவை உண்டு. ஒரே வேதத்தை ஓதியோர் இரு கூறாயினர்.

இத்தகைய வரியை எதிர்க்கும் கிறிஸ்தவர் கூறும் நியாயம் இகழத்தக்கதன்று. கட்டாயத்தினாலன்றி மனமகிழ்வோடு கொடுக்கும்படியே பவுல் போதித்தார். நிலத்தை விற்று வந்த அனனியாவிடம், விற்ற பணமும் அவனுடைய அதிகாரத்திலேயே இருந்தது எனப் பேதுரு கூறினார். அவர் கடிந்தது அவன் சொன்ன பொய்யையே. பறித்துக் கொடுப்பது ஈகையாகுமா என்பது அவர்தம் கேள்வி.

ஆகாதுதான். ஆனால், ஏழைக்குச் சேர வேண்டியது அனைத்தும் ஈகையினாலேயே சேர வேண்டுமா? மோசேயின் சட்டம் வயலின் ஓரங்களை முற்றாக அறுக்கலாகாது என்றும், சிந்திய கதிர்களை ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிட வேண்டும் என்றும் விதித்தது. மூன்றாண்டுக்கொருமுறை விளைவிற் பத்திலொரு பங்கை விதவைக்கும் அநாதைக்குமாக ஊரிலே சேர்த்து வைக்கவும் பணித்தது. இவற்றுக்கு வரி அதிகாரி இருந்ததாகக் கூறப்படவில்லை. ஆதலின் இக்கால வரியோடு முற்றும் ஒப்பிடல் இயலாது. ஆயினும் இவை வேண்டுகோள்களல்ல, கட்டளைகள்.

ரூத் என்னும் இளம் விதவை கதிர் பொறுக்கிய கதையை நோக்குக. வேற்று நாட்டவளாகிய அவள் போவாசின் வயலிற் கால் வைக்கச் சட்டம் இடந் தந்தது. போவாசோ வேலையாட்களை அழைத்து, அரிகளிலிருந்தும் சில கதிர்களை வேண்டுமென்றே சிந்தவிடும்படி கூறினான். முன்னையது நீதி, பின்னையது அன்பு. நீதி இருந்தமையால் அன்புக்கு இடமின்றிப் போகவில்லை. அன்பு இருந்தமையால் நீதி வேண்டாததாகவும் ஆகவில்லை. அறுவடை முடிந்த வயலிற் கதிர் பொறுக்கும் சிறுவரை நம் ஊர்களிலும் கண்டோர், இவ்வேறுபாட்டை எளிதில் உணர்வர். விரட்டப்படுவோம் என்ற அச்சத்தோடு குனிவது வேறு, உரிமையோடு குனிவது வேறு.

எனினும் அலபாமாவில் வரிக்குறைப்பினாற் பயன்பெறவிருந்த ஏழைகள் பலரும் அத்திட்டத்தை எதிர்த்தே வாக்களித்தனர். பணத்தைக் கையாளுவோர்மீது அவர்களுக்கு நம்பிக்கை இருக்கவில்லை. ஆயக்காரனாகிய சகேயு மனந்திரும்பியபோது, அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்புவதாக வாக்களித்தான். வாங்குங் கை தூய்மையாயிராதவிடத்து நேரிய வரியும் கொள்ளையாகவே தோன்றும்.

அந்த 4,600 டொலர் எல்லை 2006இல் இயற்றிய சட்டத்தால் 12,600 ஆக உயர்ந்தது. உணவுப் பொருள்மீதான மாநில விற்பனை வரி 2023இல் நூற்றுக்கு நான்கிலிருந்து மூன்றாகக் குறைந்தது. நீதி மெல்லவே நடக்கிறது, நின்றுவிடவில்லை. இனி வரியைப் பற்றி வீட்டிற் பேச்செழும்போது, நம்மிடம் எவ்வளவு கேட்கிறார்கள் என்பதோடு நிறுத்திவிடாது, நம்மிலும் எளியவரிடம் எவ்வளவு வாங்குகிறார்கள் என்றும் வினவிப் பார்ப்போமாக.